வேலையில் அடிபட்டால் முதலில் இதைச் செய்யுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை வெட்டும் அண்ணன் ஒருவர், முள் குத்திய கண்ணை ஈரத்துண்டால் பொத்திக்கொண்டு, "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே மண்டோரிடமோ (வேலை மேற்பார்வையாளர்) கிராணியிடமோ (தோட்ட எழுத்தர்) சொல்லுங்கள். கூட இருந்தவர் பெயரையும் எழுதி வையுங்கள். கிளினிக்கில் "வேலையில் பட்ட அடி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) அறிவிக்க வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டம் அது. விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் எம்சி (மருத்துவர் தரும் விடுப்பு) இருந்தால், சொக்சோவிடமிருந்து சராசரி தினக்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். அதனால் எம்சி சீட்டைத் தொலைக்காதீர்கள். வீட்டிலிருந்து நேராக வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி அடிபட்டாலும் அது வேலை விபத்தில் சேரும். பலருக்கு இது தெரிவதில்லை.