பழைய கதவுப் பலகையில் ஒரு சுவர்த் தட்டு

பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கழற்றப்படும் கதவு, நிலை, கைமரம், உத்திரம் எல்லாம் நம் ஊர்களின் பழைய மரக்கடைகளுக்கு வந்து சேர்கின்றன. செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் இன்றும் காணலாம். அப்படிப்பட்ட ஒரு கதவுப் பலகையில், முதன்முறையாக மரவேலையில் இறங்குபவரும் 3 அடி நீளம், 7 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனமுள்ள ஒரு சுவர்த் தட்டைச் செய்துவிட முடியும்.

இந்த வேலையில் முக்கால் பங்கு, பலகையைத் தேர்ந்தெடுப்பதிலும் சுத்தம் செய்வதிலும் அடங்கியிருக்கிறது. கடையில் பலகையை நிமிர்த்தி வைத்துத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் உள்ளே கெட்டியாக இருக்கிறது, பொத்தென்று ஒலித்தால் கரையான் அரித்திருக்கக்கூடும். ஊசித்துளைகளிலிருந்து மைதா மாவு போல மெல்லிய தூள் உதிர்ந்தால் அங்கே வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அந்தப் பலகை வேண்டாம். ஓரத்தில் வெளிறிய வெள்ளைக்கட்டை இருந்தால் அதை அறுத்து நீக்கி, வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கிய பலகையில், நாதாங்கி பல ஆண்டுகள் ஆடி ஆடித் தேய்த்த பிறை வடிவப் பள்ளம் ஒன்று இருந்தது. விரலை வைத்தால் கண்ணாடி போல வழுக்கும் அந்தப் பள்ளத்துக்காகவே அதை வாங்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கம்பித் தூரிகையால் மண்ணையும் சுண்ணாம்பையும் தேய்த்தெடுத்து, நிழலில் இரண்டு வாரம் காற்றாட வையுங்கள். ஓதம் ஏறிய பலகையை அவசரப்பட்டு மாட்டினால் பின்னால் வளைந்துவிடும். அடுத்தது ஆணி. தலை தெரியும் ஆணிகளைக் குறடால் பிடுங்கலாம். தலை முறிந்தவற்றைப் பின்புறத்திலிருந்து மெல்லிய உளிக்கம்பியால் தட்டி வெளியே தள்ள வேண்டும். பிறகு ஒரு காந்தத்தைப் பலகை முழுவதும் நகர்த்திப் பார்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் இழைத்ததால், உள்ளே புதைந்திருந்த ஒரு துருப்பிடித்த ஆணி என் இழைப்புளியின் தகட்டைப் பல்லாக்கிவிட்டது.

பழைய வண்ணப்பூச்சு இருந்தால் மிகுந்த கவனம் தேவை. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி 2016இல் வெளியாகி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். அதை உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் சூடுகாட்டி உரிப்பதும் கூடாது, குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டில். பூச்சில்லாத பலகையைத் தேடுவதே தொடக்கக்காரர்களுக்கு நல்லது.

தேய்ப்பதற்கு 80, 120, 180 எண் கொண்ட மூன்று உப்புத்தாள்கள் இதே வரிசையில் போதும்; எண் கூடக் கூடத் தாள் நயமாகும். முகமூடி அணிந்துகொண்டு, மர ரேகையின் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல் எண்ணெய் பூசியதும் வெளிப்படையாகத் தெரியும். கையில் சிராய் குத்தாத அளவுக்கு வழவழப்பு வந்தவுடன் நிறுத்திவிடுங்கள். ஆணித் துளை, கீல் பதிந்த தடம், நாதாங்கிப் பிறை ஆகியவற்றை மரத்தூள் பசையால் அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அவற்றையெல்லாம் மறைத்துவிட்டால் புதுப் பலகையே வாங்கியிருக்கலாமே!

பெயிண்ட் கடையில் கிடைக்கும் டபுள் பாயில்டு லின்சீடு ஆயிலைத் துணியில் நனைத்து மெல்லிதாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். ஒரு நாள் உலரவிட்டு இன்னொரு முறை பூசினால், சாம்பல் படிந்திருந்த தேக்கு தேன் நிறத்துக்கு வந்துவிடும். துடைத்த துணியை மட்டும் கசக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகி, சுருண்ட துணி தானாகவே தீப்பற்றக்கூடும். அதை நீரில் நனைத்தோ வெளியில் விரித்து உலர்த்தியோ அப்புறப்படுத்த வேண்டும்.

மாட்டுவதற்கு இரண்டு இரும்பு எல் ஆங்கிள்கள் தேவை. இரு முனைகளிலிருந்தும் ஆறு அங்குலம் உள்ளே தள்ளி இடம் குறித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தபின், சுவரில் 8 மில்லிமீட்டர் துளையிட்டு பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி இரண்டு அங்குலத் திருகாணியால் முடுக்குங்கள். துளையிடும்போது செம்மண் நிறத்தூள் வந்தால் செங்கல்லில் இறங்கியிருக்கிறது. மணலும் சிமெண்டுமாக வந்துகொண்டே இருந்தால் அது இணைப்புச் சாந்து, பிடிப்புக் குறைவு, சற்று நகர்த்திக் குறியுங்கள். பலகைக்குள் செல்லும் திருகாணி ஓர் அங்குலத்தைத் தாண்டக்கூடாது. முன்கூட்டியே சிறு துளை போட்டுக்கொண்டால் தேக்கு பிளக்காது. இந்தத் தட்டே ஏறத்தாழ மூன்றரை கிலோ எடை இருக்கும் என்பதால், சுவரில் ஏற்றும்போது மறுமுனையைப் பிடித்துக்கொள்ள இன்னொருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நாதாங்கிப் பிறை போன்ற தழும்பு உங்கள் பலகையிலும் இருந்தால், அதை மேற்புறம் முன்விளிம்பை ஒட்டி வருமாறு திருப்பி வையுங்கள்; கடந்து செல்பவர் கை தானாக அதைத் தடவிப் பார்க்கும்.