ரத்த மாதிரி கெடுவது பிரீசருக்கு வெளியேதான்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ மருத்துவ ஆய்வுக்கு ரத்தம் சேகரிப்பவர்களின் கவலையெல்லாம் மைனஸ் 80 டிகிரி பிரீசரைப் பற்றித்தான். மாதிரி கெடுவதோ பெரும்பாலும் அதற்கு முந்தைய சில மணி நேரத்தில். கெட்ட மாதிரியைப் பிரீசர் கெட்டபடியே பல ஆண்டு பத்திரமாக வைத்திருக்கும், அவ்வளவுதான்.

செயல்முறைத் தாளில் 'அறை வெப்பநிலை' என்றிருந்தால் அது பொதுவாக 20 முதல் 25 டிகிரி. ஏசி இல்லாத மண்டபத்தில் முகாம் போட்டால் நம் ஊரில் 32 டிகிரி சர்வசாதாரணம். மோட்டார்சைக்கிள் பெட்டியில் பினாங்குப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்ட டியூபின் கதியைச் சொல்லவே வேண்டாம். செல்களைத் தனியே பிரிக்காத ரத்தத்தில் அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறையிலேயே மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். சூட்டில் இன்னும் வேகம்.

அதற்குப் பயந்து டியூபை ஐஸில் புதைப்பதும் தவறு. குளிரில், பொட்டாசியத்தைச் செல்லுக்குள் பிடித்து வைக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பு மந்தமாகிப் பொட்டாசியம் வெளியே கசியும். பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) பார்ப்பதற்குத் தெளிவாகவே இருக்கும், ரிப்போர்ட்டில் மட்டும் பொட்டாசிய அளவு ஏறியிருக்கும். ஐஸ் கட்டியை ஒட்டிய பக்கம் உறைந்துபோனால் சிவப்பணுக்களும் உடையும். நடுவில் துணியோ அட்டையோ வையுங்கள். எந்தச் சோதனைக்கு எந்தக் குளிர் என்பதை ஊசி குத்தும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஈடிடிஏ மருந்துள்ள ஊதா மூடி டியூபை 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். குலுக்கினால் அணுக்கள் உடைந்து பிளாஸ்மா இளஞ்சிவப்பாகும். பச்சை மூடி டியூபில் உள்ள ஹெப்பரின் என்ற இன்னொரு தடுப்பு மருந்து, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் சோதனையைத் தடுக்கும், மரபணு ஆய்வுக்கு அதை எடுக்காதீர்கள். சிவப்பு மூடி டியூபில் ரத்தம் கட்டியாகும்வரை, அறை வெப்பநிலையில் நிமிர்த்தி அரை மணி நேரமாவது வைக்க வேண்டும். அவசரப்பட்டுச் சுழற்றும் இயந்திரத்தில் (சென்ட்ரிஃப்யூஜ்) போட்டால், பிரிந்து வரும் திரவமான சீரத்தில் ஜவ்வு போல இழைகள் மிதந்து பிப்பெட் நுனியை அடைக்கும்.

பிரித்த பிளாஸ்மாவையோ சீரத்தையோ 4 மில்லி லிட்டராக ஒரே குப்பியில் ஊற்றி வைத்தால், ஒவ்வொரு சோதனைக்கும் முழுவதையும் உருக்க வேண்டிவரும். அரை மில்லி லிட்டராகப் பங்கிடுங்கள். விளிம்பு வரை நிரப்பவும் கூடாது: நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், மூடி தூக்கிக்கொள்ளும்.

லேபிளில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். ஸ்டேஷனரிக் கடை ஸ்டிக்கரின் பசை உறைகுளிரில் விறைத்து, ஓரம் சுருண்டு, ஒருநாள் பெட்டியின் அடியில் கிடக்கும். எந்தக் குப்பியுடையது என்று யாருக்குத் தெரியும்? பேனா மை ஆல்கஹால் துடைப்பில் வழிந்துவிடும். உறைகுளிருக்கென்றே செய்த லேபிளை, குப்பி காய்ந்திருக்கும்போது, உறைய வைக்கும் முன் ஒட்டுங்கள். பனி படிந்த குப்பியில் எதுவும் ஒட்டாது. லேபிளில் ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்ணை எழுதுவது இன்னும் மோசம். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி எண் ஆணா பெண்ணா என்று காட்டும். பெயரை மறைத்து என்ன பயன்? தனிக் குறியீடு போட்டு, அதை ஐசியோடு இணைக்கும் பட்டியலை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள்.

பனி தானாக உருகும் வீட்டு பிரீசர் நீண்ட காலச் சேமிப்புக்கு ஆகாது. அது அவ்வப்போது சூடேறி இறங்கும். மாலை இடிமழையில் மின்சாரம் போவது இங்கே புதிதல்ல, அலாரம் யாருடைய கைப்பேசிக்கு வருகிறது என்று இன்றே பாருங்கள். திரவ நைட்ரஜன் தொட்டி இருக்கும் அறைக்கு ஆக்சிஜன் அலாரம் கட்டாயம்: 1 லிட்டர் திரவம் சுமார் 700 லிட்டர் வாயுவாகி அறையின் ஆக்சிஜனை வெளியே தள்ளும், அதற்கு மணமும் இல்லை.

ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் வைத்து வாசித்துக் காட்டுங்கள். பின்னாளில் ஒருவர் விலகுவதாகச் சொன்னால், அவருடைய குப்பிகள் எந்தப் பெட்டியில், எந்தக் கட்டத்தில் என்று அன்றே எடுத்துத் தர முடிய வேண்டும்.