ஆபீஸ் டின்னருக்கு என்ன போட்டுக்கொண்டு போவது? முதல் முறை போகிறவர்களுக்கு

“வியாழக்கிழமை இரவு ஏழரை மணிக்கு டீம் டின்னர். டிரஸ் கோடு: ஸ்மார்ட் கேஷுவல்.” இப்படி ஒரு மெயில் வந்த அன்று, எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவன் காய்ச்சல் என்று சொல்லி வராமல் இருந்துவிட்டான். தென்காசிப் பக்கத்துப் பையன், வேலையில் கெட்டிக்காரன். இரண்டு வாரம் கழித்து டீக்கடையில் நிற்கும்போதுதான் உண்மையைச் சொன்னான். “என்ன போட்டுட்டு வரணும்னு தெரியலக்கா. தப்பா எதையாவது போட்டு, எல்லாரும் பார்த்தா என்ன பண்றதுன்னுதான் வரல.”

அந்த டின்னரில் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த கிளையன்ட் எங்கள் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினார். அவன் எழுதிய புரோகிராமைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். பதில் சொல்ல அவன் அங்கே இல்லை. எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததையே இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் வேலை பார்ப்பது சென்னை ஓஎம்ஆரில். ஆகவே சொல்வதெல்லாம் இந்த ஊர்ப் புழுக்கத்துக்கும் இங்கே நடக்கும் டின்னர்களுக்கும் பொருந்துவது.

ஸ்மார்ட் கேஷுவல் என்றால் என்ன

கோட்டு, டை கட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போவது ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போகும் டீஷர்ட், செருப்பு இன்னொரு பக்கம். ஸ்மார்ட் கேஷுவல் இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் இன்டர்வியூ பக்கமாகத் தள்ளி இருக்கிறது. டை வேண்டாம், கோட்டு கட்டாயமில்லை. ஆனால் துணி இஸ்திரி போட்டிருக்க வேண்டும், அளவு சரியாக இருக்க வேண்டும், காலில் ஒழுங்கான ஷூவோ செருப்போ இருக்க வேண்டும். பெண்களுக்கு: கல்யாண வீட்டுக்குப் போகும் பட்டும் வேண்டாம், வீட்டுக் குர்தியும் வேண்டாம்.

படி 1: கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

அலமாரியைத் திறப்பதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்த இடம்? யார் யார் வருகிறார்கள்? வீட்டுக்குப் போய்விட்டு வர நேரம் இருக்கிறதா, ஆபீஸிலிருந்து நேராகப் போக வேண்டுமா?

ஹோட்டல் ஏசி ஹாலுக்குள் என்றால் முழுக்கை சட்டையும் கனமான பருத்திச் சேலையும் சுகமாக இருக்கும். மொட்டை மாடி ரெஸ்டாரன்ட் என்றால் இரவு எட்டு மணிக்கும் வியர்க்கும். டீம் ஆட்கள் மட்டும் என்றால் கொஞ்சம் இலகுவாக இருக்கலாம். கிளையன்ட்டோ மேலிடத்து ஆட்களோ வந்தால் ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள்.

கேட்பதற்குத்தான் பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். டீமில் இரண்டு மூன்று வருடம் சீனியராக இருக்கும் ஒருவருக்கு இப்படி ஒரு மெசேஜ் போதும்: “அக்கா, நாளைக்கு டின்னருக்கு நீங்க என்ன போடப் போறீங்க? நான் நீலச் சட்டை, பிரவுன் ஷூ போடலாம்னு இருக்கேன். சரியா இருக்குமா?” வெறுமனே ‘என்ன போடுவது’ என்று கேட்பதைவிட, உங்கள் யோசனையைச் சொல்லிக் கேட்டால் பதில் தெளிவாக வரும்.

டின்னர் ஏதாவது கிளப்பில் என்றால் அந்த கிளப்பின் உடை விதியையும் கேட்டுவிடுங்கள். காலர் இல்லாத டீஷர்ட், செருப்பு இவற்றோடு உள்ளே விடாத கிளப்புகள் சென்னையில் உண்டு. வேட்டி கட்டலாமா என்ற கேள்விக்கு மட்டும் சட்டமே பதில் சொல்லிவிட்டது. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. பெரிய எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே, வேட்டி அல்லது வேறு இந்தியப் பாரம்பரிய உடையில் வருபவரை இப்படித் தடுக்கக் கூடாது என்று தமிழக சட்டமன்றம் சட்டம் இயற்றியது. ஆகவே வேட்டிதான் உங்களுக்கு இயல்பு என்றால் தாராளமாகக் கட்டிக்கொண்டு போங்கள். மெல்லிய கரை வேட்டி, நன்றாக இஸ்திரி போட்ட ஒரே நிறச் சட்டை. இதைவிடக் கம்பீரமான ஸ்மார்ட் கேஷுவல் எனக்குத் தெரியவில்லை.

படி 2: காலிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் சட்டையிலிருந்து தொடங்குவார்கள். நான் காலிலிருந்து தொடங்கச் சொல்வேன். சட்டையை நண்பரிடம் கடன் வாங்கலாம், அவசரத்துக்கு ஒன்று புதிதாகவும் வாங்கிவிடலாம். ஷூ அப்படியில்லை. கடைசி நேரத்தில் வாங்கிய புது ஷூ குதிகாலைக் கடித்துவிடும். பேச்சில் மனசு போகாது.

ஆண்களுக்கு பிரவுன் தோல் ஷூ ஒரு ஜோடி இருந்தால் போதும். லேஸ் இல்லாத லோஃபராகவும் இருக்கலாம், லேஸ் வைத்ததாகவும் இருக்கலாம். நீலம், சாம்பல், காக்கி என எல்லா பேன்ட்டுக்கும் ஒத்துப்போகும். கறுப்பு ஷூதான் இருக்கிறதா? சரி, சாம்பல் பேன்ட் போடுங்கள். பெல்ட் ஷூவின் நிறத்தில் இருக்கட்டும். சுத்தமான வெள்ளை ஸ்னீக்கர் டீம் டின்னருக்குப் பரவாயில்லை. கிளையன்ட் வரும் இடத்துக்கு வேண்டாம்.

பெண்களுக்கு, பின்னால் வார் உள்ள செருப்போ மூடிய ஃப்ளாட்ஸோ நல்லது. பஃபே என்றால் கையில் தட்டோடு நாலைந்து முறை நடக்க வேண்டியிருக்கும். ஹீல்ஸ் பழக்கமில்லாதவர்கள் அன்றைக்குப் பழக வேண்டாம். எதுவானாலும் புதிது என்றால், முன்னதாக இரண்டு நாள் மாலையில் வீட்டுக்குள் போட்டு நடந்துவிடுங்கள்.

படி 3: துணியைத் தேர்ந்தெடுங்கள்

ஆண்கள் பேன்ட்டிலிருந்து வரலாம். கருநீலம், அடர் சாம்பல், காக்கி இவற்றில் ஒரு சினோஸ், அதாவது பருத்தித் துணிப் பேன்ட். அடர் நீல ஜீன்ஸும் பல இடங்களில் சரிதான், கிழிசலும் வெளுத்த திட்டும் இல்லாத வரை. மேலே முழுக்கை சட்டை: வெள்ளை, இளநீலம், அல்லது சின்னக் கட்டம். மார்பில் பெரிய எழுத்தும் லோகோவும் வேண்டாம்.

சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று வியர்வை. சாம்பல் சட்டையில் அக்குள் ஈரம் பளிச்சென்று தெரியும், இளநீலத்திலும் கொஞ்சம் தெரியும். வெள்ளையிலும் கருநீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது. பைக்கில் போகிறவர்கள், மொட்டை மாடி டின்னருக்குப் போகிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டையை இன் பண்ண வேண்டுமா? சட்டையின் அடி ஓரத்தைப் பாருங்கள். முன்னும் பின்னும் வால் போல வளைந்து நீளமாக இறங்கினால் அது இன் பண்ணுவதற்காகத் தைத்தது. நேராகவும் குட்டையாகவும் வெட்டியிருந்தால் வெளியே விடலாம். பேன்ட்டின் பின் பாக்கெட்டில் பாதியைத் தாண்டி இறங்கும் சட்டையை வெளியே விட்டால் ஆள் குள்ளமாகத் தெரிவார்.

தோள்பட்டைத் தையல் சரியாகத் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். இடுப்பு லூஸாக இருந்தால் டைலர் பிடித்துத் தருவார். தோளை மாற்றுவது அவருக்கும் பெரிய வேலை. கடையில் வாங்கும்போதே தோளைப் பார்த்து வாங்குங்கள்.

முழங்கால் வரை வரும் குர்தாவும் நல்ல தேர்வுதான், பளபளப்பும் கனமான எம்பிராய்டரியும் இல்லாமல் இருந்தால்.

இனி பெண்களுக்கு. சேலை கட்ட ஆசையிருந்தால் கட்டுங்கள். பெரிய ஜரிகைக் கரை போட்ட காஞ்சிபுரம் பட்டு அங்கே ஒட்டாது, அவ்வளவுதான். மதுரைச் சுங்குடி, லினன், சின்னக் கரை போட்ட சாஃப்ட் சில்க் எல்லாம் அழகாக இருக்கும். எனக்குப் பிடித்தது காரைக்குடிக் கண்டாங்கி. அரக்கு, கடுகு மஞ்சள் என்று அடர்ந்த நிறத்தில் கட்டம் போட்டிருக்கும். கனமான பருத்தி என்பதால் ஏசி ஹாலில் குளிராது, கொசுவம் கலையாமல் நிற்கும். ஆனால் மொட்டை மாடிக்கு அது வேண்டாம், சுங்குடியே போதும்.

குர்தி என்றால் லெக்கிங்ஸுக்குப் பதிலாக நேர் வெட்டுப் பேன்ட் போட்டுப் பாருங்கள். அதே குர்திதான், ஆனால் காலேஜ் பெண் போல இல்லாமல் வேலைக்குப் போகிறவர் போலத் தெரிவீர்கள். துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்துங்கள், அல்லது போடாமல் விடுங்கள். பேன்ட், டாப் போடுகிறவர்கள் டாப்பின் துணி மெலிசாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். நகையில் ஒன்றை மட்டும் எடுப்பாகப் போடுங்கள்: ஜிமிக்கி என்றால் கழுத்தில் மெல்லிய செயின்.

படி 4: உட்கார்ந்து பாருங்கள்

இந்த ஒரு படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். டின்னரில் இரண்டு மணி நேரம் நாம் உட்கார்ந்துதான் இருப்போம். எதிரில் இருப்பவர் பார்ப்பது நம் காலர், தோள், கை இவ்வளவுதான். ஆனால் வீட்டில் நாம் நின்றபடி கண்ணாடி பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

முழுதாக உடுத்திக்கொண்டு, மேஜை முன்னால் நாற்காலியில் உட்காருங்கள். குனிந்து வயிற்றைப் பாருங்கள்: பட்டன்களுக்கு நடுவே சட்டை வாய் பிளக்கிறதா? அப்படியென்றால் சட்டை இறுக்கம், வேறு எடுங்கள். காலைப் பாருங்கள்: பேன்ட் மேலேறி, சாக்ஸுக்கு மேல் கால் தெரிகிறதா? நீளமான சாக்ஸ் போடுங்கள். குர்தியின் பக்க வெட்டு எதுவரை ஏறுகிறது? இடுப்புக்கு மேல் போனால் இரண்டு தையல் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, வலது கையை நீட்டி மேஜையின் அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரு கிண்ணத்தை எடுங்கள். நம் ஊரில் பிரியாணியைக் கையால்தான் சாப்பிடுவோம், ஸ்பூன் வைத்திருந்தாலும். அகலமான கை வைத்த டாப் குழம்பில் படும். முழுக்கை சட்டையை, சாப்பாடு வருவதற்கு முன்பே முழங்கைக்குக் கீழே வரும்படி இரண்டு மடிப்பு மடித்துவிடுங்கள். எச்சில் கையோடு மடிக்க முடியாது. சேலை கட்டியவர்கள் எழுந்து நின்று, கையில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு, பஃபேயில் பரிமாறிக்கொள்வதுபோல முன்னால் குனியுங்கள். முந்தானை நழுவி முன்னால் விழுந்தால், தோளில் இன்னொரு பின் வேண்டும் என்று அர்த்தம்.

கடைசியாக, ஃபிளாஷ் போட்டு செல்போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். டின்னர் முடிவில் குரூப் போட்டோ நிச்சயம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மெலிசு ஃபிளாஷில் தெரிந்துவிடும். வெள்ளைச் சட்டைக்குள் பனியன், மெல்லிய குர்திக்குள் ஸ்லிப் போட்டால் தீர்ந்தது. கறுப்பா கருநீலமா என்று குழப்பமுள்ள துணியை மட்டும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் ஏமாந்துவிடுவோம்.

படி 5: முந்தின நாள் இரவு

இஸ்திரி வண்டிக்குக் கொடுப்பதாக இருந்தால் இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். வீட்டில் போடுவதென்றால் பருத்தித் துணியில் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரம் இருக்கும்போதே தேய்க்க வேண்டும். காலரை முனையிலிருந்து நடுவை நோக்கித் தேய்த்தால் முனையில் சுருக்கம் தங்காது. துணியின் உள்பக்க லேபிளில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, மூன்று என்றால் அதிகச் சூடு. லினன் எப்படியும் உட்கார்ந்ததும் கசங்கும். அது அந்தத் துணியின் குணம், கவலை வேண்டாம். பட்டன் எல்லாம் உறுதியாக இருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஹேங்கரில் மாட்டுங்கள்.

படி 6: ஆபீஸிலிருந்து நேராகப் போகிறவர்கள்

மாலைக்கான சட்டையைக் காலையிலேயே போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஹேங்கரோடு கவரில் கொண்டுபோய் ஆபீஸில் மாட்டிவையுங்கள். பையில்தான் வைக்க வேண்டும் என்றால் மடிக்காமல் ஒரு டவலோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள், கோடு விழாது. கிளம்பும் முன் முகம், கழுத்து கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். பெர்ஃப்யூம் கொஞ்சம் போதும், பக்கத்தில் சாப்பிடுகிறவர் இருக்கிறார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம் என்பதால் ஷூவைத் தனிக் கவரில் எடுத்துப் போய் அங்கே மாற்றுவதுதான் நல்லது.

அங்கே போனதும் ‘தப்பாகப் போட்டுவிட்டோமோ’ என்று தோன்றினால்

எல்லோரும் இலகுவாக வந்திருந்தால், பிளேசரைக் கழற்றி நாற்காலியில் மாட்டுங்கள், மேல் பட்டனைத் திறந்து கையை மடித்துவிடுங்கள். கனமான நெக்லஸ் என்றால் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிடலாம். மற்றவர்கள் உங்களைவிட ஃபார்மலாக வந்திருந்தால், சட்டையை இன் பண்ணி, கையை இறக்கிக் கஃப் பட்டன் போடுங்கள். பாத்ரூமில் இரண்டு நிமிட வேலை. அதன் பிறகு அதையே நினைக்காமல், பக்கத்தில் இருப்பவரிடம் அவர் ஊர் எது என்று கேட்டுப் பேச ஆரம்பியுங்கள்.

சென்ற மாதம் எங்களுக்கு மறுபடி ஒரு டின்னர் வந்தது. ஐந்து மணிக்கு அந்தத் தம்பி ரூமிலிருந்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். வெள்ளைச் சட்டை, கருநீலப் பேன்ட், அவன் அண்ணன் ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய பிரவுன் ஷூ. “நல்லா இருக்குடா, உட்கார்ந்து ஒண்ணு எடுத்து அனுப்பு” என்றேன். அனுப்பினான். பேன்ட்டுக்கும் ஷூவுக்கும் நடுவே நாலு விரல் கால் தெரிந்தது. சாக்ஸை மாற்றிக்கொண்டு ஏழு இருபதுக்கு ஹோட்டல் வாசலில், எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான்.