மண் சலிக்கும் சிறு இயந்திரம்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலோ திருப்பூரிலோ புதிதாகக் கட்டிய வீட்டின் முன்னால் புல்தரை போடுவதற்கு ஒரு யூனிட் மண் இறக்கினால், அதாவது 100 கன அடி மண், அதன் எடை சுமார் 3.5 டன் இருக்கும். செங்கல் துண்டு, சுக்கான்கல் (மண்ணில் விளையும் சுண்ணாம்புக் கட்டி), வேர், கோரைக் கிழங்கு எல்லாம் அதில் கலந்தேதான் வரும். இன்றும் பெரும்பாலான இடங்களில் கொத்தனார்கள் மணல் சலிக்கும் சாய்வுச் சல்லடையை நிறுத்தி, இரண்டு பேர் மம்முட்டியால் வாரி எறிந்துதான் அந்த மண்ணைச் சலிக்கிறார்கள். மோட்டார், கியர் பாக்ஸ், வார்ப்பு, லேத் என அனைத்தும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிற கொங்கு நாட்டில், இந்த வேலைக்கு ஒரு சிறு இயந்திரம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் வருவது இயல்பு. ஆனால் செய்தவற்றில் பல, இரண்டு மூன்று வேலைகளுக்குப் பிறகு பட்டறை மூலையில் தூங்குகின்றன. கல் குவாரியில் ஓடும் பெரிய இயந்திரத்தைப் பார்த்து அதைச் சுருக்க முயல்வதுதான் இதற்குக் காரணம் என்பது என் கருத்து. சலிக்கப்போகும் மண்ணிலிருந்தும், அதை வாரிப் போடப்போகும் ஆளிடமிருந்தும் வடிவமைப்பைத் தொடங்கியிருந்தால் அந்த இயந்திரங்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

காய்ந்த மண்ணில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது

நான் செய்த முதல் இயந்திரம், வலை சுற்றிய உருளை சுழன்று மண்ணைச் சலிக்கும் வகை. அதை ஆவணி மாதத்தில், பட்டறை வாசலில், வெயிலில் காய்ந்த செம்மண்ணைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். மாவு சலிப்பதுபோல் மண் கொட்டியது. அந்த மகிழ்ச்சியில் அதை ஐப்பசியில் சூலூர் பக்கம் ஒரு தோட்ட வேலைக்கு அனுப்பினேன். அங்கே இருந்தது கரிசல் மண். முந்தைய இரவு மழையும் பெய்திருந்தது. பத்தே நிமிடத்தில் உருளையின் உட்புறம் முழுவதும் களிமண் பூசி மெழுகியதுபோல் ஆகிவிட்டது. உள்ளே போட்ட மண் உருண்டை உருண்டையாகத் திரண்டு மறுமுனை வழியாக வெளியே வந்தது. வேலைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், "இதுக்கு நம்ம பழைய சல்லடையே தேவலைங்க" என்று சொல்லிவிட்டு மம்முட்டியை எடுத்துக்கொண்டார். அவர் சொன்னது முழு உண்மை. அந்தச் சாய்வுச் சல்லடையைவிட வேகமாகவும் எளிதாகவும் வேலை செய்யாத இயந்திரத்தை யாரும் இரண்டாம் முறை வாடகைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

ஆகவே சோதனை ஓட்டத்தைச் செம்மண், கரிசல், தென்னை நார்க்கழிவும் தொழு உரமும் கலந்த கலவை ஆகிய மூன்றிலும், ஒவ்வொன்றையும் காய்ந்த நிலையிலும் லேசான ஈரத்திலும் நடத்த வேண்டும். மணிக்கு இவ்வளவு சலிக்கும் என்று வாங்குபவரிடம் சொல்லும் அளவு, ஈரமண்ணில் கிடைத்த அளவாக இருக்கட்டும். எந்த ஈரம் வரை சலிக்கலாம் என்பதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தும்போது உதிர்ந்தால் சலிக்கலாம். நசுங்கி விரலில் ஒட்டினாலோ, உள்ளங்கையில் உருட்டும்போது 3 மி.மீ. தடிமனுக்குத் திரி போல உடையாமல் நீண்டாலோ, அந்த மண்ணைப் பரப்பிக் காயவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

சல்லடை அடைபடுவதிலும் இரண்டு வகை உண்டு. துளையின் அளவுக்கு நெருக்கமான கல் துளையிலேயே செருகிக்கொள்வது ஒன்று. களிமண் கம்பிமேல் படிந்து துளையை மூடுவது மற்றொன்று. உருளையின் வெளிப்புறம் மேலே நைலான் தூரிகை உருளை ஒன்றைத் தொட்டும் தொடாமலும் பொருத்தினால் செருகிய கற்களில் பெரும்பாலானவை உள்நோக்கித் தள்ளப்பட்டு விழுந்துவிடும். களிமண் படிவதற்குத் தூரிகை ஓரளவுக்குத்தான் உதவும். இரண்டையும் ஒரே நோயாக எண்ணி மோட்டாரின் சக்தியைக் கூட்டுவது வீண் செலவு.

அதிர்வும் வேகமும்

அதிரும் தட்டுச் சல்லடை விலை குறைவு, செய்வதும் எளிது என்று பலர் அதில் தொடங்குகிறார்கள். காய்ந்த மணலுக்கு அது நல்ல கருவிதான். ஆனால் ஈரக் களிமண்ணை அதிரவைத்தால் அது தட்டிலேயே இறுகிப் படிந்துவிடும். மேலும், நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் மோட்டாரில், நடுநிலையிலிருந்து இருபக்கமும் 2 மி.மீ. வீச்சு கொடுத்தால் சட்டத்தின்மேல் விழும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் நாலரை மடங்கு இருக்கும். அதே வீச்சில் 2880 சுற்று மோட்டாரை மாட்டினால் அது நான்கு மடங்காகப் பெருகி 18 மடங்கைத் தாண்டிவிடும். கையிலிருந்த 2880 சுற்று மோட்டாரைப் பொருத்திவிட்டு, வாரம் ஒருமுறை வெல்டிங் விரிசலை ஒட்டிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊர் மண்ணுக்குச் சுழலும் உருளைச் சல்லடையே பொருத்தம் என்பது என் முடிவு.

உருளையிலும் வேகம்தான் முதல் சிக்கல். வேகமாகச் சுற்றினால் அதிகம் சலிக்கும் என்று தோன்றும். ஆனால் ஓர் எல்லைக்குமேல் மண் புரளாமல் உருளையின் சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். அந்த எல்லையைக் கணக்கிடுவது எளிது: உருளையின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 42.3-ஐ வகுத்தால் நிமிடத்துக்கான எல்லைச் சுற்று கிடைக்கும். 200 லிட்டர் பேரலின் விட்டமான சுமார் 57 செ.மீ.க்கு இது 56 சுற்று. அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்குள், அதாவது 19 முதல் 28 சுற்றுக்குள் ஓட்டினால் மண் ஏறி, சரிந்து, மறுபடி ஏறும். 1440 சுற்று மோட்டாருக்கு 30-க்கு 1 கியர் பாக்ஸும், 2-க்கு 1 பெல்ட்டும் வைத்தால் 24 சுற்று கிடைக்கும். அந்த ஒரு கட்டத்தைப் பெல்ட்டாகவே வைத்திருப்பது நல்லது. பெரிய கல் ஏதேனும் சிக்கிக்கொள்ளும்போது பெல்ட் வழுக்கிக் கியரைக் காப்பாற்றும்.

உருளையின் நடுவே தண்டு விட்டு இரு முனையிலும் பிளம்மர் பிளாக் (தண்டைத் தாங்கும் பேரிங் கூடு) வைப்பது பட்டறைக்கு எளிதாகத் தெரியும். பொள்ளாச்சிப் பக்கத்து நார்க்கழிவையோ வேர் நிறைந்த மண்ணையோ ஒருநாள் போட்டுப் பார்த்தால், தண்டிலும் அதன் ஆரக் கம்பிகளிலும் நார் சுற்றிக் கயிறாகத் திரிந்திருப்பது தெரியும். உருளையை வெளியே நான்கு ரப்பர் சக்கரங்கள்மேல் உட்காரவைத்து உட்புறத்தை வெறுமையாக விடுவதே சரி.

வாரிப் போடுபவரின் இடுப்பு

இது எல்லோரும் கடைசியில் யோசிப்பது. முதலில் யோசித்திருக்க வேண்டியது. ஒரு யூனிட் மண்ணைச் சட்டிக்கு 18 கிலோ வீதம் போட்டால் ஏறத்தாழ 200 முறை தூக்க வேண்டும். சலித்த மண் நேராகத் தள்ளுவண்டியில் விழட்டும் என்று உருளையை உயர்த்தினால், வண்டிக்கு 65 செ.மீ. போக, மண் போடும் வாய் ஒரு மீட்டரை நெருங்கிவிடும். நெஞ்சுக்குச் சற்றுக் கீழே வரை 200 முறை சட்டியைத் தூக்கச் சொல்லும் இயந்திரம், கரண்டில் ஓடினாலும் ஆளின் முதுகில்தான் ஓடுகிறது. பெரும்பாலும் அந்த வேலையைச் செய்பவர்கள் சேலைமேல் சட்டை போட்டு வரும் பெண்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வாய் 75 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பதை முதல் விதியாக எழுதிவைத்துக்கொண்டு மற்றதை அதற்குள் அடக்க வேண்டும். கீழே தள்ளுவண்டிக்குப் பதிலாக ஒரு தார்ப்பாயோ, பக்கவாட்டில் இழுக்கும் தாழ்வான தட்டோ போதும். சரிவுத் தகடு வைப்பதானால் 50 பாகையாவது சாய்வு வேண்டும். குறைந்தால் ஈரமண் அதிலேயே தங்கிக் குவிந்து உருளையைத் தொட்டுவிடும்.

எடையும் கரண்டும்

எடுத்துச்செல்லும் இயந்திரம் என்று சொல்லிவிட்டு 50×50×6 மி.மீ. இரும்பு ஆங்கிளில் சட்டம் கட்டுவது பொதுவான தவறு. அது மீட்டருக்கு 4.5 கிலோ, 40×40×2 ஸ்கொயர் பைப் 2.4 கிலோ. 15 மீட்டர் பிடிக்கும் சட்டத்தில் 30 கிலோவுக்குமேல் குறைகிறது. உருளை, சட்டம், மோட்டார் என மூன்றாகக் கழற்றினால், எந்தப் பாகமும் இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் 50 கிலோவைத் தாண்டாமல், சின்ன யானை வண்டியில் ஏறி, வீட்டுக்கும் மதில் சுவருக்கும் இடையிலுள்ள மூன்றடிச் சந்தில் நுழைந்து பின்தோட்டம் வரை போக வேண்டும். அந்த மூன்றடியை அளக்காமல் செய்த இயந்திரம் தெருவிலேயே நின்றுவிடும்.

பல வீடுகளில் இணைப்பு ஒற்றை பேஸ்தான். 1 குதிரைத்திறன் மோட்டார் ஓட்டத்தில் சுமார் 6 ஆம்பியரும், தொடங்கும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கும் எடுக்கும். 30 மீட்டர் நீளத்துக்கு 1 ச.மி.மீ. வயரை இழுத்தால் தொடக்கத்தில் சுமார் 40 வோல்ட் குறைந்து, மோட்டாரின் தொடக்க விசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மண் நிறைந்த உருளை நகராது, மோட்டார் புகையும். 2.5 ச.மி.மீ. வயரைச் சுருளாக இயந்திரத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுவது மோட்டாருக்குக் காப்பீடு. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்காக மின்கசிவு ஏற்பட்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும், சேலைத் தலைப்போ தலைத்துண்டோ சிக்காதபடி பெல்ட்டுக்கு முழு மூடியும் கட்டாயம் வேண்டும். விலையைக் குறைக்க இந்த இரண்டையும் விடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் வீசும் வேகம் நமக்குத் தெரியும். உருளைக்குமேல் மூடியும் முனைகளில் ரப்பர் திரையும் இல்லையென்றால் புழுதி அடுத்த வீட்டுக் கொடித் துணியில்தான் போய் இறங்கும்.

சல்லடையின் எண், மண்ணின் இயல்பு

கடையில் "4 மெஷ்" என்றால் ஓர் அங்குலத்துக்கு 4 துளை என்று பொருள். அதில் கம்பியின் தடிமனும் அடங்கும். 1.6 மி.மீ. கம்பியென்றால் துளை 6.35 இல்லை, 4.75 மி.மீ. மட்டுமே. ஆகவே எண்ணைக் கேட்காமல் துளையை அளந்து வாங்க வேண்டும். செடிப் பாத்திக்கு 10 முதல் 12, தொட்டிக் கலவைக்கு 6, விதைத் தட்டுக்கு 3 மி.மீ. என மூன்று வலைகள் போதும். அவற்றை போல்ட்டைக் கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும். உருளையோடு வெல்டிங் செய்துவிட்டால், முதல் கிழிசலோடு இயந்திரத்தின் ஆயுள் முடிந்தது.

நுண்ணியதாகச் சலித்தால் நல்ல மண் என்ற எண்ணமும் தவறு. எல்லா மண்ணையும் 3 மி.மீ. வலையில் விட்டால் கட்டமைப்பு உடைந்து, இரண்டு முறை தண்ணீர் ஊற்றியதும் மேற்பரப்பு ஏடுகட்டி இறுகிவிடும். சுக்கான்கல் துண்டுகளை நீக்கினாலும் சுண்ணாம்புத் தூள் மண்ணிலேயே தங்கும். அதன் காரத்தன்மையை எந்தச் சல்லடையும் குறைக்காது. மண் பரிசோதனைதான் அதைச் சொல்லும். பார்த்தீனியம் விதை 3 மி.மீ. வலையிலும் நழுவிவிடும். கோரைக் கிழங்கில் சிறியவை 12 மி.மீ. வலையில் எளிதாக இறங்கி, பாத்தி முழுவதும் சீராகப் பரவும். கோரை உள்ள மண்ணென்று தெரிந்தால் 6 மி.மீ. வலையில் மட்டுமே சலித்து, மறுமுனையில் வரும் கழிவை அந்த இடத்திலேயே கொட்டாமல் சாக்கில் கட்டி வெளியேற்ற வேண்டும்.