போர்க்கால நிவாரணம் திரட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூடானில் 2023 ஏப்ரல் 15 அன்று போர் மூண்ட சில வாரங்களில், லண்டனில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சமூக மண்டபத்தில் சூடானிய இளைஞர்கள் பெட்டி பெட்டியாகப் பொருள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 2008 இறுதியில், இலங்கைப் போரில் சிக்கியிருந்த வன்னி மக்களுக்காக அதே மண்டபத்தில் நாங்கள் அடுக்கிய பெட்டிகள் என் நினைவுக்கு வந்தன. யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். "எங்கள் மக்களுக்கு" என்றார் ஒருவர். அன்று நாங்களும் அதே பதிலைத்தான் சொன்னோம். பற்றுச்சீட்டுக் கொடுங்கள், பெட்டிக்கு இலக்கமிடுங்கள் என்பதையெல்லாம் யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியவை வேறு.

பெறுபவர் இல்லாமல் கப்பலேற்றுதல்

எங்கள் குழு ஒரு கொள்கலன் நிறையப் பால்மா, குழந்தைகளின் உடுப்புகள், சவர்க்காரம், மருந்து ஆகியவற்றை அனுப்பியது. கப்பல் பத்திரத்தில் பெறுபவர் என்று எங்களில் ஒருவருடைய கொழும்பு உறவினரின் பெயரை எழுதினோம். அவர் நல்ல மனிதர். ஆனால் நிவாரணப் பொருளைத் தீர்வையின்றி விடுவிக்கத் தனிமனிதருக்கு வழி இல்லை என்பதை நாங்கள் விசாரிக்கவே இல்லை. 2008 செப்டெம்பரில் அரசின் உத்தரவுப்படி ஐ.நா. அமைப்புகளும் பெரும்பாலான தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டு வெளியேறிவிட்டதால், சுங்கத்திலிருந்து பொருள் வெளியே வந்தாலும் அதை வன்னிக்குள் கொண்டுசெல்ல எங்களுக்கு எவரும் இருக்கவில்லை.

துறைமுகம் சில நாட்களே இலவசமாக இடம் தரும். அதன்பின் இடத்துக்கு ஒரு கட்டணம், கொள்கலனைத் திருப்பித் தராததற்குக் கப்பல் நிறுவனத்தின் கட்டணம் என இரண்டும் நாள்தோறும் ஏறும். ஒவ்வொரு கிழமையும் அந்த உறவினர் தொலைபேசியில் தொகையைச் சொல்வார். கடைசியில் அது பொருளின் பெறுமதியையே தாண்டியது. பால்மா காலாவதியானது. புதுக்குடியிருப்பில் குழந்தைகள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற மாதங்கள் அவை.

இன்றுவரை எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. சரக்கு அனுப்பும் தொழிலில் இருந்த ஒரு பெரியவர் முதற்கூட்டத்திலேயே எழுந்து, "பெறுபவரின் ஒப்புதல் கடிதம் எங்கே?" என்று கேட்டார். சனம் சாகும்போது கடிதம் கேட்கிறீர்களா என்று அவரை அமரவைத்தவர்களில் நானும் ஒருவன்.

இது எங்கள் சிறு குழுவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிரித்தானியாவிலும் ஐரோப்பாவிலும் தமிழர்கள் திரட்டிய 884 தொன் பொருளோடு சென்ற 'வணங்காமண்' கப்பலை 2009 ஜூன் 4 அன்று இலங்கைக் கடற்படை மறித்தது. போர் முடிந்து இரு வாரங்களே ஆகியிருந்தன. இடம்பெயர்ந்தோர் முகாம்களில் மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் இருந்தார்கள். கப்பல் திருப்பி அனுப்பப்பட்டுச் சென்னைக்கு வந்தது. அங்கே பொருள் வேறொரு கப்பலுக்கு மாற்றப்பட்டுக் கொழும்பு சென்ற பின்னும், மாதக்கணக்கில் துறைமுகத்திலேயே கிடந்தது. அதில் அரசியல் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. அந்த அரசியல் இருக்கும் என்று தெரிந்தே திட்டமிட வேண்டும் என்கிறேன்.

ஆகவே, பெட்டி வாங்குமுன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெறுங்கள்: அங்கே பதிவுபெற்ற எந்த அமைப்பு பெறுகிறது, தீர்வை விலக்குக்கு யார் அனுமதி தருகிறார், துறைமுகக் கட்டணம் யாருடையது, அங்கிருந்து மக்களிடம் கொண்டுசெல்லும் லொறி யாருடையது. ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் பெட்டியைக் கட்டாதீர்கள்.

வீட்டில் மிஞ்சிய மருந்து

பொஸ்னியப் போர்க்காலத்தில் வந்து சேர்ந்த மருந்துகளில் ஏறத்தாழ 17,000 தொன் பயன்படாதவை என்றும், அவற்றை அழிப்பதற்கே பெரும் செலவாகும் என்றும் 1997 இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நன்கொடை மருந்து சென்றடையும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அங்குள்ள மருத்துவர் அனுப்பும் பட்டியலில் இல்லாத ஒரு குளிசையும் போகக் கூடாது.

பழைய உடுப்பு

அனுப்பாதீர்கள்.

படம்

முகாமில் இருப்பவரின் முகத்தை வெளியிடாதீர்கள், நன்கொடையாளர் கேட்டாலும்.

பணத்தைக் கடைசி வழியாக நினைத்தல்

பொருளைக் கண்ணால் பார்க்க முடிகிறது; பணத்தைப் பார்க்க முடியாது. அதனால் மண்டபத்தில் பணத்தின் பேச்சு எப்போதும் பின்னுக்குப் போகிறது. சூடானின் தலைநகர் கார்ட்டூமிலோ அந்தந்தப் பகுதி இளைஞர்களே 'அவசர உதவி அறைகள்' அமைத்துச் சமையற்கூடங்களை நடத்தினார்கள். வெளிநாட்டு உறவினர்கள் அனுப்பும் பணம் கார்ட்டூம் வங்கியின் 'பன்காக்' (Bankak) கைபேசிச் செயலி வழியாக அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. இதிலும் ஒரு கண்ணி உண்டு: 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டபோது பல சமையற்கூடங்கள் நின்றுபோயின. எனவே சில கிழமைகளுக்கான தொகை முன்கூட்டியே அங்கே இருக்க வேண்டும். இங்கே, யாருடைய பெயர் தடைப்பட்டியலில் உள்ளது என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறிந்த பிறகே கணக்கைத் திறக்க வேண்டும்; ஒரு கணக்கு முடக்கப்பட்டால், கொடுத்தவர் பணமும் பெறவேண்டியவர் சோறும் ஒன்றாக நிற்கும்.

இவற்றைச் சொன்னபோது, மண்டபத்தில் பொருள் சேர்த்த அந்தச் சூடானிய இளைஞர்கள் என்னோடு மூன்று நாள் வாதாடினார்கள். நான்காம் நாள், போர்வைகளை லண்டனுக்குப் புதிதாக வந்திருந்த அகதிக் குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டு, கொள்கலனுக்கு ஒதுக்கிய பணத்தை கார்ட்டூமை அடுத்த ஒம்துர்மானிலுள்ள ஒரு சமையற்கூடத்துக்கு அனுப்பினார்கள்.