லைட் என்ற சொல்லுக்கு வேர் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு கல்லூரி மாணவர் தான் எழுதிய கட்டுரையைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆங்கிலத்தின் ‘லைட்’ தமிழின் ‘இலகு’விலிருந்து போனது என்பதுதான் கட்டுரையின் சாரம். படிக்கப் படிக்க எனக்குத் திக்கென்றது. இருபத்தைந்து வயதில் இதே வாதத்தை, ஏறக்குறைய இதே வரிசையில், நானும் எழுதியிருக்கிறேன்.

எழுத்துப்பிழை போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவற்றை அகராதியே திருத்திவிடும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்கிற தவறுகள்தான் என் கவலை.

இரண்டு சொற்களை ஒன்றாக எண்ணுவது

வெளிச்சம் என்ற பொருளில் ஒரு லைட். கனமில்லாதது என்ற பொருளில் இன்னொரு லைட். வெளிச்சத்துக்கு எடை இல்லை, அதனால் ஒரே சொல்தான் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். பழைய ஆங்கிலத்துக்குப் போனாலும் குழப்பம் தீராது. அங்கேயும் இரண்டையும் ‘லேஓஹ்ட்’ என்றே எழுதியிருக்கிறார்கள். அதனால் ஆங்கிலத்தை விட்டு வெளியே வந்து அதன் உறவு மொழிகளைப் பார்க்க வேண்டும். ஜெர்மனில் வெளிச்சம் ‘லிஹ்ட்’, கனமற்றது ‘லைஹ்ட்’. 4ஆம் நூற்றாண்டிலேயே பைபிள் மொழிபெயர்க்கப்பட்ட, ஆங்கிலத்தின் பழைய உறவான கோத்திக் மொழியில் ‘லியுஹத்’, ‘லீஹ்ட்ஸ்’. அங்கே இரண்டும் தனித்தனியாகத் தெளிவாக நிற்கின்றன. வெளிச்சச் சொல்லுக்கு லத்தீனின் ‘லுக்ஸ்’ உறவு, வெள்ளை என்று பொருள்படும் கிரேக்க ‘லெவ்கோஸ்’ உறவு. நம் ஆஸ்பத்திரிகளில் கேட்கும் ‘லுக்கேமியா’ அந்த லெவ்கோஸிலிருந்து வந்ததுதான். கனமற்ற லைட்டுக்கு உறவு லத்தீனின் ‘லெவிஸ்’. கடப்பாரையைப் போட்டு நெம்புகிறோமே, அந்த ‘லீவர்’ அதன் வழி வந்தது.

காதை நம்பி இலகுவில் விழுவது

இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருப்பது இந்தத் தவறு. இதில் பாதி உண்மை கலந்திருப்பதால்தான் இத்தனை பேர் விழுகிறார்கள்.

தமிழிலும் இரண்டு ‘இலகு’ உண்டு. இலகுதல் என்றால் ஒளிர்தல். அது ‘இலங்கு’ என்பதன் இன்னொரு வடிவம், சங்கப் பாட்டுகளில் ‘இலங்குவளை’ என்று வருமே, அந்த இலங்கு. இன்னொன்று ‘இலகுவான வேலை’ என்கிறோமே, அந்த இலகு. ஆங்கிலத்தில் லைட் என்றால் வெளிச்சம், கனமின்மை. தமிழில் இலகு என்றால் ஒளிர்தல், கனமின்மை. இரண்டு பொருளும் இரண்டு பக்கமும் பொருந்தும்போது யாருக்குத்தான் கை பரபரக்காது? எனக்கும் பரபரத்தது. ஒரு சங்கத்தின் ஆண்டு மலரில் அரைப் பக்கம் எழுதினேன், அச்சிலும் வந்தது.

சரி, உண்மை என்ன? கனமின்மையைக் குறிக்கும் இலகு, சமஸ்கிருத ‘லகு’ தமிழுக்கு வந்த வடிவம். அந்த லகுவும் ஆங்கிலத்தின் கனமற்ற லைட்டும் ஒரே மூதாதையின் பேரப்பிள்ளைகள். ஆகவே உறவு இருக்கிறது, ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. ஒளிர்தல் என்ற இலகு தமிழின் சொந்தச் சொல். அதற்கும் வெளிச்ச லைட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் சென்னையிலிருந்து 1816இலேயே எழுதிக் காட்டிவிட்டார்.

உறவைக் காட்டுவது ஒலி மாற்றத்தின் ஒழுங்கு. ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. தமிழில் பால், புலி, பத்து. கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹத்து. வரிசையாகப் பகரம் ஹகரமாவதைப் பார்த்ததும் நமக்குச் சந்தேகம் போய்விடுகிறது. லத்தீனுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே இப்படிப்பட்ட ஒழுங்கை ஜெர்மன் மொழியறிஞர் கிரிம் 1822இல் விதியாக எழுதினார். லத்தீனில் ககரம் இருந்த இடத்தில் பழைய ஆங்கிலத்தில் ஹகரம் வரும், இந்தச் சொற்களில் அதை இன்று ஜி, ஹெச் என்று எழுதுகிறோம். எட்டுக்கு ‘ஒக்டோ’, இங்கே ‘எய்ட்’. இரவுக்கு ‘நொக்ட்’, இங்கே ‘நைட்’. அந்த வரிசையில்தான் ‘லுக்’, லைட் என்ற ஜோடியும் வருகிறது. இலங்குவை அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள், பக்கத்தில் நிற்க ஒரு துணைச் சொல் கிடைக்காது.

மலர் வந்து பல வருடம் கழித்து, வகுப்பில் ஒரு பெண் எழுந்து, “ஐயா, லைட் நம்ம இலகுதானே?” என்று அவ்வளவு பெருமையோடு கேட்டாள். அவள் சொன்ன விளக்கம் வாக்கியம் மாறாமல் நான் எழுதியது. அது தவறு, எழுதியவன் நான்தான் என்று வகுப்பின் முன்னால் சொன்னேன். அவள் முகம் வாடியது. அப்புறம், சுருட்டுதான் ஆங்கிலத்தில் ‘ஷெரூட்’ ஆனது, கட்டுமரம்தான் ‘கட்டமரான்’, மிளகுத்தண்ணீர்தான் ‘மல்லிகட்டானி’ என்று சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “இதுவும் அப்படித்தானா ஐயா?” என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. பொய்யான ஒரு சொல்லை அவர்கள் கையில் கொடுத்ததால், மெய்யான மூன்று சொற்களை அவர்கள் நம்பவில்லை.

வெளிச்ச லைட்டுக்கு உறவான சொல் நம் வாயிலேயே இருக்கிறது, அதுதான் ‘ருசி’. சமஸ்கிருதத்தில் லகரம் பல இடங்களில் ரகரமானது. ‘ருச்’ என்றால் ஒளிர்தல். ஒளி கண்ணுக்குப் பிடித்தது, பிடித்தது என்ற பொருள் நாக்குக்கும் போனது. ஓசையைப் பார்த்துத் தேடுகிறவருக்கு இது கடைசிவரை கண்ணில் படாது.

லைட்டின் நடுவே எழுதும் ஜி, ஹெச் இரண்டையும் வேண்டாத எழுத்து என்று தள்ளுவது

ஒரு காலத்தில் அவற்றைத் தொண்டையில் உரசி ஒலித்தார்கள். ஸ்காட்லாந்தின் பேச்சில் ‘லிஹ்ட்’ இன்றும் உண்டு. லுக்ஸின் ககரம் தேய்ந்து கிடக்கும் இடமே அதுதான்.

டிலைட்

மகிழ்ச்சி என்ற பொருளில் வரும் இந்தச் சொல்லுக்குள் லைட் இல்லை. பிரெஞ்சிலிருந்து ‘டெலிட்’ என்று வந்த சொல்லுக்கு, லைட்டைப் பார்த்து 16ஆம் நூற்றாண்டில் ஜி, ஹெச் ஒட்டினார்கள்.

லேசு

லேசு சமஸ்கிருத ‘லேச’. இரண்டு லைட்டுக்கும் சொந்தமில்லை.

பொருளை வைத்து மட்டும் குடும்பம் பிரிப்பது

ரயில் அறிவிப்பில் வரும் ‘அலைட்’, அதாவது இறங்குவது, எந்த லைட்டைச் சேர்ந்தது? கனமற்ற லைட்டை. குதிரையிலிருந்து இறங்கினால் அதன் முதுகில் பாரம் குறைகிறது, அதிலிருந்து வந்த பொருள். தீப்பற்றி எரிவதைச் சொல்லும் அலைட் வேறு, அது வெளிச்சத்தோடு போகும்.

இன்னொன்று, ‘லங்’, அதாவது நுரையீரல். இதுவும் கனமற்ற லைட்டின் குடும்பம்தான். கசாப்புக் கடையில் ஈரலும் நுரையீரலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும், தண்ணீரில் போட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். ஈரல் மூழ்கும், நுரையீரல் மிதக்கும். இங்கிலாந்துக் கசாப்புக் கடைக்காரர்கள் ஆட்டு நுரையீரலை ‘லைட்ஸ்’ என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். அவர்கள் கனத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நம்மவர்கள் நுரையைப் பார்த்து வைத்தார்கள்.