டர்பனிலிருந்து கயாலமிக்கு: தினம் ஓட்டும் ஜிஆர் 86-ஐ டிராக்குக்குத் தயார்செய்வது எப்படி?

வாரம் முழுதும் வேலைக்குப் போய்வரும் காரையே டிராக் டேயிலும் (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்) ஓட்டலாமா என்று டர்பன் தம்பிகள் கேட்கிறார்கள். தாராளமாக ஓட்டலாம். நான் போவது ஜொஹானஸ்பர்க் பக்கத்திலுள்ள கயாலமி பந்தயத் தடத்துக்கு. என்னுடையது மேனுவல் கியர் வைத்த டொயோட்டா ஜிஆர் 86. எஞ்சினில் கைவைக்கத் தேவையில்லை. பிரேக் ஆயிலும் டயர் காற்றும்தான் முக்கியம்.

முதலில் பிரேக் ஆயில். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் சேரும்; பெடல் அடிவரை போகும், கார் நிற்காது. எனவே கிளம்புமுன் மாற்றிவிடுங்கள். என் தேர்வு டாட் 5.1. டாட் 5 என்பது சிலிக்கோன், அதை ஊற்றவே கூடாது. பிரேக் பேட் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

அடுத்து டயர் காற்று. பலர் குழம்புவது இங்கேதான். கேஜ் காட்டுவது, டயருக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை. கயாலமி கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் டர்பனில் நிரப்பிய அதே காற்று, அங்கே ஏறக்குறைய 0.17 பார் (அழுத்தத்தின் அலகு) கூடுதலாகக் காட்டும். ஆனால் குளிர்காலக் காலையில், வெப்பம் 10 டிகிரி குறைந்தால் 0.1 பார் இறங்கும். இரண்டும் பெரும்பாலும் ஈடாகி, கேஜில் டர்பனில் பார்த்த எண்ணுக்குப் பக்கத்திலேயே தெரியும். சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சில சுற்று ஓடினாலே அரை பார் வரை ஏறிவிடும், பிடிமானம் போய்விடும். ஒவ்வொரு முறை பிட்டுக்குள் (தடத்தோரம் கார் நிறுத்துமிடம்) வந்ததும், சூடு ஆறுவதற்குள் அளந்து காற்றை இறக்குங்கள். சூட்டில் 2.4 பாருக்குப் பக்கத்தில் வைப்பது என் வழக்கம். கேஜ் மட்டும் நல்லதாக வாங்குங்கள். பெட்ரோல் பங்கில் இருப்பதை நம்ப வேண்டாம்.

இந்த எஞ்சினில் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) கிடையாது. காற்று மெலிந்த ஹைவெல்டில் (கயாலமி இருக்கும் மேட்டுநிலம்) 174 கிலோவாட்டில் ஏறத்தாழ 15 விழுக்காடு குறையும். டர்போ கார்கள் நேர்ப்பாதையில் முந்திப் போகட்டும். இதன் அழகு வளைவில்தான். கயாலமியின் மைன்ஷாஃப்ட் என்ற இறக்கத்தில் ஸ்டீயரிங் வழியே முன்டயரின் பிடி விரலுக்குத் தெரியும். அந்தச் சுகத்துக்காகவே இந்தக் காரை வைத்திருக்கிறேன்.

கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்காமல் கியரில் போட்டு வையுங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் இரண்டு விஷயம் கேட்டார்கள். ஹைவெல்டில் பரவலாகக் கிடைக்கும் 93 ஆக்டேன் பெட்ரோல் போதுமா? 12.5:1 கம்ப்ரெஷனுக்கு நான் 95-தான் போடுவேன். ஸ்பேர் டயர்களை எப்படிக் கொண்டுபோவது? பின்சீட்டை மடக்கினால் நான்கு சக்கரமும் உள்ளே அடங்கும்.

இன்னொன்றும் உண்டு. டிராக்கில் காற்றை இறக்கிய டயரோடு அப்படியே டர்பன் போகும் என்3 நெடுஞ்சாலையில் கிளம்பாதீர்கள். ஆறியதும் அழுத்தம் இன்னும் குறையும், கடற்கரைக்கு இறங்கும்போது மேலும் 0.17 பார் போகும். டயர் ஆறியபின், கதவோர ஸ்டிக்கரிலுள்ள அளவுக்கு நிரப்பிவிட்டு வான் ரீனன் கணவாய் இறங்குங்கள். டர்பன் வந்ததும் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.